பாலம் எடுத்த பிறகு

"ஐயோ, என் கால்!"

சமையலறையிலிருந்து அலறல் வந்தது. கூடவே தூக்குப்போசி ஒன்று தரையில் விழுந்து உருண்டு சுவரில் மோதி நின்றது.

பயணப் பையின் ஜிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த திருமூர்த்தி அதை அப்படியே விட்டுவிட்டு ஓடினான். இந்து தரையில் உட்கார்ந்து வலது கணுக்காலை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்திருந்தாள். கண்களில் நீர் தளும்பியது.

"என்னாச்சு? சுடுதண்ணி பட்டுருச்சா?"

அவள் கையை விலக்கிப் பார்த்தான். கீறல் இல்லை. வீக்கம் இல்லை. கொலுசு கூட நகரவில்லை. காலைக் குளியலின் மஞ்சள் வாசம் மட்டும் இருந்தது.

"எனக்கு ஒண்ணும் இல்லீங்க." பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "பானு. அவளுக்கு என்னமோ ஆயிருச்சு. போன் போடுங்க."

அவன் போட வேண்டியிருக்கவில்லை. அதுவே அடித்தது. பானுவின் அலுவலகத்தில் வேலை பார்க்கும் யாரோ பேசினார்கள். ஸ்கூட்டர் மண்ணில் சறுக்கிவிட்டதாம். வலது கணுக்காலில் எலும்பு விரிசல். மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருக்கிறார்களாம். பயப்பட ஒன்றுமில்லையாம்.

திருமூர்த்தி கூடத்தில் கிடந்த பையைப் பார்த்தான். இன்று அவர்களின் முதல் கல்யாண நாள். வால்பாறையில் தேயிலைச் சரிவைப் பார்த்த மாதிரி ஓர் அறையை அவன் மாதக்கணக்கில் தவம் கிடந்து பிடித்திருந்தான். பாட்டரி ஸ்கூட்டர் பழுது பார்க்கும் அவனுடைய கடைக்குப் பொங்கலுக்கு அடுத்தபடியாக இன்றுதான் விடுமுறை.

"நொண்டிக்கிட்டே எங்கே கிளம்பறே?"

"ஆஸ்பத்திரிக்குங்க. வேறெங்கே?"

"விழுந்தது அவ. நொண்டறது நீ. செலவு எனக்கு," என்றான். சிரிக்கிற மாதிரிதான் சொல்ல நினைத்தான். குரல் அப்படி வரவில்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் பானு மாவுக்கட்டுக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு மகாராணி மாதிரி சாய்ந்திருந்தாள். அதே முகம். அதே நெற்றி, அதே இடது கன்னத்துக் குழி. பார்க்கிறவர்கள் யாரானாலும் இந்துவையும் அவளையும் மாறி மாறிப் பார்ப்பார்கள்.

"வாங்க மாமா. வால்பாறை போச்சா?"

"போச்சு அம்மிணி."

"வேணும்னா டாக்டர்கிட்டச் சொல்லி எனக்கொரு தூக்க ஊசி போட்டுட்டு நீங்க ரெண்டு பேரும் கிளம்புங்க. என்ன, மலை ஏறி முடியற வரைக்கும் இவ கொட்டாவி விட்டுட்டே வருவா."

இந்து சிரித்தாள். பானுவும் சிரித்தாள். இரண்டு சிரிப்பும் ஒரே நொடியில் கிளம்பி ஒரே நொடியில் நின்றன. நடுவில் நின்ற திருமூர்த்தி உதட்டை மட்டும் இழுத்துவைத்துக்கொண்டான். இரண்டு பேர் பேசிக்கொள்ளும் பாஷை தெரியாமல் நடுவில் மாட்டிக்கொண்டவன் வேறென்ன செய்வான்?

இந்துமதியும் பானுமதியும் பிறக்கும்போது தலை ஒட்டிப் பிறந்தவர்கள். நான்கு வயதில் பிரித்தார்கள். மண்டை ஓட்டைப் பிரிப்பது பெரிய காரியமாக இல்லை. உள்ளே இரண்டு மூளைகளுக்கும் நடுவே சுண்டுவிரல் தடிமனுக்கு ஓடிய நரம்புக் கற்றைதான் சிக்கல். வெறுமனே வெட்டினால் குழந்தைகளில் ஒன்று பிழைக்காது என்றார்கள். எனவே வெட்டிய இரண்டு முனைகளிலும் ஆளுக்கொரு சில்லு பொருத்தினார்கள். நரம்பில் ஓடியதெல்லாம் அன்றிலிருந்து அலையாக ஓடியது. ஒருத்தி கோயம்புத்தூரிலும் மற்றவள் கொல்கத்தாவிலும் இருந்தாலும் ஓடும்.

வீட்டில் அதற்கு வைத்த பெயர், பாலம்.

கல்யாணத்துக்கு முன்பே இதையெல்லாம் அவனிடம் சொல்லியிருந்தார்கள். அப்போது அது வேடிக்கையாக இருந்தது. இந்து வயிறு நிறையச் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, பத்து நிமிடத்தில் மறுபடி தட்டைப் போட்டுக்கொண்டு உட்காருவாள். இரண்டு வாய் போன பிறகுதான் நெற்றியில் அடித்துக்கொள்வாள். "சே, இது அவ பசி!" போனை எடுத்து, "ஏண்டி, மத்தியானம் சாப்பிடலையா? இங்கே நான் வெடிக்கப் போறேன்" என்று திட்டுவாள். அவளுக்குத் தன் பசி எது, அக்காவின் பசி எது என்று சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அக்காவா தங்கையா என்பதும் சண்டைதான். இரண்டு பேரும் ஒரே நிமிடத்தில் வெளியே வந்தவர்கள்.

கல்யாணத்தன்று அம்மி மேல் இந்துவின் காலைத் தூக்கி வைத்து மெட்டி போட்டான். கூட்டத்தில் நின்ற பானு சட்டென்று தன் காலை உதறிக்கொண்டாள். மண்டபமே சிரித்தது. அவனும் சிரித்தான்.

அன்று சிரித்ததற்கு இப்போது வருந்தினான்.

சாயங்காலம் முல்லைச்சரம் வாங்கி வந்து இந்துவின் தலையில் வைப்பான். ஐந்து நிமிடத்தில் போன் வரும். "மாமா, முல்லையா? வாசம் தூக்குது." ஞாயிற்றுக்கிழமை அவனே நின்று அரிசிம்பருப்பு சாதம் செய்வான். இந்து ரசித்துச் சாப்பிடுவாள். மறுநாள் பானு வந்து, "நெய் தாராளமா விட்டிருந்தீங்க, உப்புதான் ஒரு கல்லு கம்மி" என்பாள். அவன் இந்துவிடம் ஒரு ஜோக் சொல்லி முடிப்பதற்குள் பானுவிடமிருந்து போனில் சிரிப்புப் பொம்மை வந்து விழும். ஜோக் அவளுக்குத் தெரியாது. சிரிப்பு மட்டும் போயிருக்கும்.

தான் கொடுத்த ஒரு பொருளாவது, ஒரு சொல்லாவது, இந்துவோடு மட்டும் நின்றுவிடாதா என்று அவன் மனம் ஏங்கியது. பிச்சைக்காரன் தட்டில் போட்ட காசு, தட்டின் ஓட்டை வழியாகப் பக்கத்துத் தட்டில் விழுந்துகொண்டே இருந்தால் போட்டவனுக்கு எப்படி இருக்கும்?

தனிமைக்கு ஒரு வழி இருந்தது. காதுக்குப் பின்னால் சில்லு இருக்கும் இடத்தில் விரலால் அழுத்திப் பிடித்தால் பாலத்தில் திரை விழும். தோலுக்கடியில் எரியும் பச்சைப் புள்ளி அணையும். ஒரு மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் போனால் இருவருக்கும் தலை சுற்றும். கணவனும் மனைவியுமாக இருக்கும் நேரங்களில் இந்து தவறாமல் திரை போட்டுவிடுவாள். இருந்தாலும் அவன் கூந்தலை விலக்கி அந்தப் புள்ளி அணைந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வான்.

அந்த நேரங்களில் இந்து கொஞ்சம் தளர்ந்துதான் இருப்பாள். தலை கனக்கிறது என்பாள். திரை விலகிப் பச்சைப் புள்ளி எரிந்த பிறகுதான் அவன் பக்கம் புரண்டு, அவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். அப்போதுதான் அவனுக்கு எரியும். தனியாக இருந்தபோது தராததை பானு வந்து சேர்ந்த பிறகு தருகிறாளே!

"அவளுக்குப் படம் காட்டறியா?" என்று ஒரு தடவை கேட்டே விட்டான்.

இந்துவுக்குக் கேள்வியே புரியவில்லை. "என்ன பேசறீங்க நீங்க? எனக்கு இப்பத்தான் உங்க மேல ஆசையா இருக்கு. அதுக்கு நேரம் காலம் பார்க்க முடியுமா?"

வால்பாறை அறைக்குக் கட்டிய பணம் திரும்பி வராது என்று சேதி வந்த அன்று, அவன் டாக்டர் அல்போன்ஸைப் பார்க்கப் போனான்.

டாக்டர் அல்போன்ஸ் சகோதரிகளைச் சின்ன வயதிலிருந்து கவனித்துவந்தவர். எதிரில் உட்கார்ந்திருப்பவரின் முகத்தைப் பார்த்தே பாதி நோயைச் சொல்லிவிடுவார்.

"உக்காருங்க திருமூர்த்தி. பொறாமைக்கு மாத்திரை கேட்டு வந்திருக்கீங்க போல."

"அந்தப் பாலத்தை எடுத்துட முடியுமா டாக்டர்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "அதுல என்ன போகுதுன்னு நினைக்கறீங்க?"

"எல்லாம்தான்."

"இல்லை. வார்த்தை போகாது. நினைப்பு போகாது. நீங்க சொல்ற ரகசியம் எதுவும் போகாது. ருசி போகும், வாசனை போகும், வலி போகும். பயம், சந்தோஷம், ஏக்கம், இதெல்லாம் தண்ணியில கரைஞ்ச சாயம் மாதிரி போகும். எங்கிருந்து வந்துச்சுன்னு சாயத்துல எழுதியிருக்காது. பசின்னா சாப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடிச்சுக்கலாம். மத்ததுக்கு அந்த வசதி இல்லை."

"எடுக்க முடியுமா, முடியாதா?"

"முடியும். நாலு வயசுல முடியாது. இப்ப ரெண்டு மூளையும் தனித்தனியா நிக்கும். உயிருக்கு ஆபத்தில்லை, புத்திக்கு ஆபத்தில்லை, ஞாபகம் ஒண்ணு கூடப் போகாது. ஆனா ஒண்ணு. பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கிணறு. அடியில குழாய் போட்டு இணைச்சிருக்கோம். முப்பது வருஷமா ரெண்டுலயும் தண்ணி ஒரே மட்டத்துல நிக்குது. குழாயை அடைச்சா எதுல எவ்வளவு நிக்கும், ஊத்து எந்தக் கிணத்துல இருக்குங்கறது அடைச்சுப் பார்த்தாத்தான் தெரியும்."

"என் பொண்டாட்டி கிணத்துல தண்ணி நிறையவே இருக்குங்க. நான் ஒரு வருஷமா குடிச்சுட்டு இருக்கேன்."

டாக்டர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். "நல்லது. ரெண்டு பேரும் சம்மதிக்கணும். ஒருத்தர் மாட்டேன்னா கிடையாது. எடுத்த பிறகு மறுபடியும் வேணும்னு யாரும் என்கிட்ட வந்து நிக்கக் கூடாது. நரம்பு முனை மூடிக்கும். கடவுளே வந்தாலும் திறக்க முடியாது."

திரும்ப முடியாது என்ற அந்த வார்த்தைதான் திருமூர்த்திக்கு இனித்தது.

அன்று சாயங்காலம் அவன் ஸ்கூட்டர் தெரு முனையில் திரும்பும்போதே இந்து வழக்கம்போல் கேட்டைத் திறந்துகொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்தாலும், அவன் வரும் நேரத்துக்கு முகம் கழுவி, பொட்டு வைத்து, வாசலுக்கு வந்துவிடுவாள். அவனுக்கு ஒரு நாளின் மொத்தக் களைப்பும் அந்தக் கேட் திறக்கும் சத்தத்தில் இறங்கிவிடும்.

சாப்பாட்டுக்குப் பிறகு சொன்னான். அவள் கை தானாகக் காதுக்குப் பின்னால் போனது.

"அவ இல்லாம நான் எப்படி இருப்பேன்னு எனக்கே தெரியாதுங்க."

"நான் இருக்கேன்ல?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "இருக்கீங்க. அதான் பயமாவும் இருக்கு, தைரியமாவும் இருக்கு. உங்களுக்காக எதை வேணும்னாலும் செய்யலாம்னு தோணுது. நீங்க ஆசைப்பட்டா எடுத்துடலாம்."

திருமூர்த்திக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. இனி பானு ஒருத்திதான் பாக்கி.

பானுவுக்குத் தேயிலை ஏலக் கம்பெனியில் ருசி பார்க்கும் வேலை. நீளமான மேஜையில் வெள்ளைக் கிண்ணங்கள் வரிசையாக நிற்கும். கரண்டியில் எடுத்து, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, நாக்கில் உருட்டி, பக்கத்துத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகருவாள். அவள் நாக்கில் பட்டதெல்லாம் இந்துவின் நாக்கிலும் படும் என்பதால் திருமூர்த்தியின் வீட்டில் டீ போடும் வழக்கமே கிடையாது. இதுவும் அவனுக்கு ஒரு குறை. பெண்டாட்டி கையால் ஒரு டம்ளர் டீ குடிக்கக் கூட அந்த வீட்டில் பானு விடவில்லை.

கட்டுப் பிரித்த காலோடு லேசாக நொண்டிக்கொண்டே அவள் கிண்ணம் கிண்ணமாக நகர்ந்தாள். அவன் கூடவே நகர்ந்து விஷயத்தைச் சொன்னான். அவள் அவனைப் பார்க்கவே இல்லை. உறிஞ்சினாள், துப்பினாள்.

"வேண்டாங்க மாமா."

"இந்து சம்மதிச்சாச்சு."

"தெரியும். போன்ல சொல்லிட்டா. நேத்து சாயங்காலம் எனக்கும் மனசு துள்ளுச்சு. துள்ளி முடிச்சதும் கல்லாட்ட கனத்துச்சு." அடுத்த கிண்ணத்துக்குப் போனாள். "இந்த ஒரு விஷயத்துல என் பேச்சைக் கேளுங்க. வேண்டாம்."

"உனக்கென்ன பயம்?"

"எனக்கு ஒண்ணும் ஆகாது. என்கிட்ட இருக்கறது என்கிட்டயே இருக்கும். நான் எனக்காகச் சொல்லலை மாமா."

"பின்னே?"

"உங்களுக்காக."

"மிரட்டறியா?"

அவள் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டாள். அந்த மௌனம் அவனுக்குத் திமிராகப் பட்டது. முப்பது வருஷம் அனுபவித்தவளின் திமிர். என் சொத்தில் உனக்கு ஒரு வருஷம் குடியிருக்க இடம் கொடுத்தேனே என்கிற திமிர். மெட்டி போட்ட நாளிலிருந்து உள்ளுக்குள் ஊறிக் கிடந்ததெல்லாம் அவன் வாய் வழியாக வழிந்தது.

"உனக்குன்னு ஒருத்தனைத் தேடிக்க வேண்டியதுதானே? வர்ற மாப்பிள்ளையை எல்லாம் வேண்டாம், வேண்டாம்னு திருப்பி அனுப்பறே. எதுக்குத் தேடணும், தேடாமயே எல்லாம் கிடைக்குதே! அடுத்தவ புருஷன் வாங்கிக் கொடுக்கற பூவை மோந்துக்கிட்டு, அடுத்தவ வாழ்க்கையை ஓசியில வாழ்ந்துட்டு இருக்கே. வெட்கமா இல்லை?"

பானு அசையவில்லை. அவள் முகத்தில் இருந்த ரத்தம் மட்டும் இறங்கிப் போயிற்று. மேஜையின் கடைசியில் கிண்ணம் கழுவிக்கொண்டிருந்த பெண் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. இந்து.

"ஏனுங்க, எங்கே இருக்கீங்க? எனக்குத் திடீர்னு நெஞ்சை அடைக்குது. வகுப்புல நிக்க முடியலை. அவமானமா இருக்கு, எதுக்குன்னே தெரியலை. பானுவை யாரோ என்னமோ சொல்லிட்டாங்க..."

அவன் பதில் சொல்லாமல் துண்டித்தான்.

பானு முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "எங்கே கையெழுத்துப் போடணும், சொல்லுங்க மாமா."

அறுவை சிகிச்சை அன்று காலை இரண்டு கட்டில்களையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். சகோதரிகள் கையை நீட்டி விரல்களைக் கோத்துக்கொண்டார்கள். இரண்டு தலைகளும் மொட்டை. இப்போது உண்மையிலேயே யார் யார் என்று சொல்ல முடியவில்லை. மணிக்கட்டில் கட்டிய பெயரட்டையைப் பார்த்துத்தான் திருமூர்த்தி தன் மனைவியின் பக்கம் போய் நின்றான்.

"போயிட்டு வரட்டுமாடி?" என்றாள் பானு.

"எங்கேடி போறே? பக்கத்துலதானே இருக்கே," என்றாள் இந்து.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அழுதார்கள். கடைசியாக ஒரே நேரத்தில் செய்தது அதுதான்.

எல்லாம் நல்லபடியாக நடந்தது. இந்து கண் விழித்ததும் தன் பெயரைச் சொன்னாள், கிழமை சொன்னாள், பதினேழாம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் சொன்னாள். கட்டிலருகே நின்றவனைப் பார்த்து, "நீங்க சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள். திருமூர்த்தி அவள் காதுக்குப் பின்னால் பார்த்தான். பச்சைப் புள்ளி இருந்த இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும் இருந்தன. அங்கே முத்தம் கொடுக்க வேண்டும் போல இருந்தது.

பானு தலைமுடி வளரும் வரை கூடக் காத்திருக்கவில்லை. கம்பெனியின் குன்னூர் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். போகும்போது அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கோபம், தோற்றுப்போன கோபம் என்று அவன் எண்ணிக்கொண்டான். அவனுக்கு அது கூடப் பிடித்திருந்தது.

இந்துவுக்கு முடி வளர்ந்த பிறகு முதல் தடவை முல்லைச்சரம் வாங்கி வந்த நாளில், அவள் தலையில் வைத்துவிட்டு, போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிக்கவில்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மணி நேரம் கழித்தும் அடிக்கவில்லை. தீபாவளி மாதிரி இருந்தது.

"வாசம் எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க," என்றாள் இந்து.

வீட்டில் டீ வந்தது. முதல் டம்ளரைக் குடித்துவிட்டு இந்து ஆச்சரியப்பட்டாள். "சக்கரை போட்டுச் சூடா முழுங்கினா இப்படியா இருக்கும்!" தினமும் போட்டாள். நன்றாகத் தூங்கினாள். பிரிவு அவளை வாட்டும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தார். முதலில் சில நாள் ஒரு பக்கக் காது கேட்காத மாதிரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அதுவும் நின்றது. பள்ளியிலிருந்து வந்து தாள் திருத்தும்போது பாட்டு முணுமுணுத்தாள். முன்பு அவள் பாடி அவன் கேட்டதே இல்லை.

வால்பாறைக்கும் போனார்கள். அதே அறை. சரிவில் மேகம் இறங்கியது. அவன் அவள் தோளில் கை போட்டான். அவள் கையைத் தட்டிவிடவில்லை. சாயவும் இல்லை.

"சந்தோஷமா இருக்கியா?"

"இருக்கேங்க. குளிருது, உள்ளே போலாமா?"

எங்கேயோ இடித்தது. என்ன என்று அவனால் விரல் வைத்துச் சொல்ல முடியவில்லை. அவள் குறை ஒன்றும் வைக்கவில்லை. சட்டை இஸ்திரி போட்டிருந்தது. சாப்பாடு சூடாக இருந்தது. கேட்டதற்குப் பதில் வந்தது. கேட்காதது எதுவும் வரவில்லை. சாயங்காலம் அவன் தெரு முனை திரும்பி, வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்கி, கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்தான். ஒரு நாள் வேண்டுமென்றே ஹாரன் அடித்துப் பார்த்தான். "வாங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. விருந்தாளிக்குச் சொல்கிற மாதிரி இருந்தது.

பொறாமைக்கு ஒரு முகம் வேண்டும். இத்தனை நாள் அது பானுவின் முகமாக இருந்தது. இப்போது அந்த முகம் மலை மேல் போய்விட்டது. பொறாமை மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. யாரை நினைத்துக்கொண்டு பாடுகிறாள்? பள்ளிக்குப் புதிதாக வந்திருக்கும் அறிவியல் வாத்தியாரைப் பற்றி இரண்டு தடவை பேசினாளே? ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு டீ குடிக்கிறாளே, அந்தப் பக்கம் யார் வீடு? அவள் குளிக்கப் போன நேரத்தில் போனை எடுத்துப் பார்த்தான். பள்ளிக்கூடக் குழுவின் வணக்கங்களும் பரீட்சை அட்டவணையும்தான் இருந்தன. அது அவனுக்கு நிம்மதியைத் தரவில்லை. அழித்துவிட்டாளோ என்ற சந்தேகத்தைத் தந்தது.

ஒரு சாயங்காலம் கேட்டைத் தானே திறந்துகொண்டு உள்ளே வந்தவன், சாப்பாட்டு மேஜையில் வர்க்கிப் பொட்டலம் ஒன்று இருப்பதைப் பார்த்தான். மேலே குன்னூர் பேக்கரி ஒன்றின் பெயர் அச்சடித்திருந்தது.

"பானு வந்தாளா?"

"இல்லீங்க. நான்தான் போயிட்டு வந்தேன். ஸ்கூலுக்கு லீவு போட்டுட்டுக் காலை பஸ்ஸுல போனேன்." இந்து ஒளிக்கவில்லை. பஸ் புழுதி படிந்த புடவையை இன்னும் மாற்றக் கூட இல்லை. "டீ போடட்டுங்களா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம?"

"சொன்னா ஏன், எதுக்குன்னு கேப்பீங்க. போகும்போது எனக்கே அது தெரியாது."

"அங்கே ரெண்டு பேரும் உக்காந்து என்னைத்தான் அலசினீங்களாக்கும். பாலத்தை எடுத்தும் அவ உன்னை விடலை. சரி, அதை விடு. நீ இப்ப யாரை நினைச்சுட்டு இருக்கே? மறைக்காமச் சொல்லிரு. அந்த சயின்ஸ் வாத்தியாரா?"

கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனுக்கு எதிரில் உட்கார்ந்தாள். முகத்தில் கோபமே இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"அப்படி யாராச்சும் இருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்குங்க. காரணம் கிடைச்சிருக்கும்."

"எதுக்குக் காரணம்?"

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதும் உங்களைப் பார்த்தேன். இவர் என் வீட்டுக்காரர், நல்ல மனுஷன், சாப்பிடாமக் கூட நிக்கறாருன்னு தெரிஞ்சுது. தெரிஞ்சுது, அவ்வளவுதான். சரி, மயக்க மருந்து போலன்னு நினைச்சேன். வீட்டுக்கு வந்தா வந்துரும்னு பார்த்தேன். வால்பாறை போனா வந்துரும்னு பார்த்தேன்."

"எதுடி வரணும்?"

"எல்லாம் ஞாபகம் இருக்குதுங்க. உங்க வண்டிச் சத்தம் கேட்டா கையில இருக்கறதைப் போட்டுட்டு வாசலுக்கு ஓடுவேன். ஓடுனது ஞாபகம் இருக்குது. எதுக்கு ஓடுனேன்னுதான் தெரியலை. எங்கேயோ வச்சுட்டு மறந்துட்டேனோன்னு தினமும் எனக்குள்ளயே துழாவிட்டு இருக்கேன். உங்களை ஏமாத்தறேனோன்னு குத்துது."

திருமூர்த்தி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "இதெல்லாம் பானு சொல்லிக் கொடுத்ததுதானே? நான் போகாதேன்னு சொல்வேன்னு தெரிஞ்சுதான் சொல்லாமப் போயிருக்கே. அவ உன் மனசைக் கலைச்சுட்டா."

"அவ வாயே திறக்கலைங்க. எப்படி இருக்கேடின்னு கேட்டா, அதோட சரி. நான்தான் ஊர்க்கதை எல்லாம் பேசிட்டு இருந்தேன். பேச்சோட பேச்சா உங்க பேரைச் சொன்னேன். வேலை இருக்கறாப்ல எந்திரிச்சு ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. திரும்பறதுக்குள்ள ஒரு நொடி அவ முகத்தைப் பார்த்துட்டேன்."

"பார்த்தா? அவ முகத்துல என்ன இருந்துச்சு?"

இந்து அவன் கை மேல் தன் கையை வைத்தாள். இரக்கப்படுகிறவர்கள் வைக்கிற மாதிரி இருந்தது.

"ஆபரேஷனுக்கு முன்னாடி, சாயங்காலம் நீங்க வர்ற நேரத்துக்குப் பொட்டு வைக்கறப்ப, தினமும் கண்ணாடியில நான் பார்த்துட்டு இருந்த முகம் அதுங்க."